கசியும் வால்வும் அண்டை வீட்டுச் சுவரும்



தண்ணீர் அல்லாஹுத் தஆலா நமக்கு வழங்கியுள்ள அருட்கொடைகளில் தலையாயது. அதை விரயம் செய்யலாகாது என்று மிம்பரில் நின்று நான் பலமுறை கூறியிருக்கிறேன்; நீங்களும் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். அதே உபதேசத்தைத் திரும்பக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. மாடித் தொட்டியிலிருந்து வீட்டுக்குள் இறங்கும் குழாயில் பொருத்தப்பட்டிருக்கும் வால்வைப் பற்றி எழுதப் போகிறேன். "இது பிளம்பர் சொல்ல வேண்டிய விஷயமாயிற்றே! இமாமுக்கு இதில் என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். என் வீட்டில் நடந்ததை முதலில் கூறிவிடுகிறேன்.

என் கவனக்குறைவு

சில ஆண்டுகளுக்கு முன் நான் குடியிருந்த வீட்டின் மாடிப்படி முகப்பில் ஒரு பித்தளை வால்வு இருந்தது. அதன் கைப்பிடியின் அடியில் இலேசாகத் தண்ணீர் கசிந்து கொண்டிருந்தது. ஒரு துணியைச் சுற்றிக் கட்டினேன். கீழே ஒரு வாளியை வைத்தேன். "அடுத்த வாரம் பார்த்துக் கொள்ளலாம்" என்று நான்கு மாதங்கள் ஓடிவிட்டன.

ஓர் இரவு குளியலறைக் குழாய் உடைந்துவிட்டது. தண்ணீரை நிறுத்துவதற்காக மாடிப்படிக்கு ஓடினேன். வால்வு அசையவில்லை. ஸ்பேனரை மாட்டி வேகமாகத் திருகினேன். வால்வின் தண்டு முறிந்து கையோடு வந்துவிட்டது. தொட்டியில் இருந்த தண்ணீர் முழுவதும் வீட்டுக்குள் இறங்கியது. சுவர் ஒட்டிய அடுத்த வீட்டில் தையல் வேலை செய்து பிழைக்கும் ஒரு மூதாட்டி இருந்தார். அவருடைய அறைக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. தைப்பதற்காக ஊரார் கொடுத்திருந்த துணிகள் நனைந்தன. ஒரு மூட்டை அரிசியும் வீணாயிற்று.

காலையில் நான் மன்னிப்புக் கேட்டபோது, "பரவாயில்லை ஹஜ்ரத், வேண்டுமென்றா செய்தீர்கள்?" என்றார் அந்த அம்மா. வேண்டுமென்று செய்யவில்லை என்பது உண்மை. ஆனால் நான்கு மாதங்களாகத் தெரிந்தே விட்டுவைத்தேன் என்பதும் உண்மையல்லவா? அவருக்கு ஏற்பட்ட இழப்பை ஈடு செய்தேன். எனினும், முந்தைய ஜும்ஆவில்தான் வீண்விரயத்தைப் பற்றிப் பயான் செய்திருந்தேன் என்ற எண்ணம் என்னை விட்டு அகல நெடுநாள் ஆயிற்று.

வாளியில் விழுந்த துளிகளை மட்டுமே நான் பார்த்தேன். அந்தத் துளிகள், ஆபத்து நேரத்தில் கைகொடுக்க வேண்டிய வால்வையே உள்ளுக்குள் கெடுத்துக் கொண்டிருந்தன என்பதை அறியவில்லை. கசியும் தண்ணீரிலுள்ள உப்பு தண்டின் மரையில் படிந்து கல்லாக இறுகுகிறது. பித்தளையும் நாளடைவில் அரிக்கப்பட்டு வலுவிழக்கிறது. எனவே கசியும் வால்வு என்பது, தேவைப்படும் நேரத்தில் மூடாமல் போகக்கூடிய வால்வு என்று பொருள் கொள்ளுங்கள்.

துளியின் கணக்கு

கசிவு எவ்வளவு என்பதை நீங்களே அளந்து பார்க்கலாம். ஒரு கிண்ணத்தைக் கசிவின் கீழ் பத்து நிமிடங்கள் வையுங்கள். சேர்ந்த தண்ணீரை மருந்துக் குப்பியின் அளவு மூடியால் அளந்து, 144ஆல் பெருக்குங்கள். ஒரு நாளின் கணக்கு கிடைத்துவிடும். பத்து நிமிடத்தில் 100 மில்லி சேர்ந்தால் ஒரு நாளைக்கு 14.4 லிட்டர், ஓர் ஆண்டுக்கு ஐயாயிரம் லிட்டருக்கு மேல்!

நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவுத் தண்ணீரில் உளூச் செய்ததாக ஹதீஸ் நூல்களில் வந்துள்ளது. ஷாஃபிஈ மத்ஹபின் கணக்கில் ஒரு முத்து என்பது ஏறத்தாழ முக்கால் லிட்டர். ஹனஃபி மத்ஹபின் கணக்கில் அதைவிடக் கூடுதல். அப்படியானால் நம் வீட்டு வால்வு ஒரு நாளில் சிந்தும் தண்ணீர், ஏறக்குறைய பத்தொன்பது பேர் உளூச் செய்யப் போதுமானது. உளூவில் நான்காம் முறை கழுவினால் விரயம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் நாம், இதைக் கவனிக்காமல் இருக்கலாமா?

கசிவு எங்கே?

வால்வுகளில் இரண்டு வகை நம் வீடுகளில் அதிகம் உள்ளன. வட்டச் சக்கரம் போன்ற கைப்பிடியுடன் பல சுற்றுகள் திருகி மூடுவது கேட் வால்வு. அதனுள்ளே ஒரு தகடு கதவைப் போல இறங்கித் தண்ணீரை மறிக்கிறது. நீண்ட கைப்பிடியைக் கால் சுற்று திருப்பினால் மூடிக்கொள்வது பால் வால்வு. அதனுள்ளே துளையிட்ட ஓர் உருண்டை இருக்கிறது. கைப்பிடி குழாயின் போக்கிலேயே இருந்தால் திறந்திருக்கிறது. குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது.

பழுது பார்ப்பதற்கு முன் கசியும் இடத்தைக் கண்டறிய வேண்டும். வால்வைத் துணியால் நன்கு துடைத்து, உலர்ந்த காகிதத்தை ஒவ்வோர் இடமாக ஒற்றிப் பாருங்கள். முதலில் நனையும் இடமே கசியும் இடம். மேலே கசிந்து கீழே வழிந்து வரும் தண்ணீர் நம்மை ஏமாற்றிவிடும். அருகில் மோட்டார் சுவிட்சோ மின்கம்பியோ நனைந்திருந்தால் அதன் அருகே செல்லாதீர்கள். உலர்ந்த இடத்தில் நின்று மெயின் சுவிட்சை அணைத்த பிறகே மற்ற வேலை.

தண்டின் அடியில் கசிந்தால்

கேட் வால்வில் அதிகம் காணப்படுவது இதுதான். கைப்பிடியின் கீழே, தண்டைச் சுற்றி ஒரு நட்டு இருக்கும். இதை கிளாண்ட் நட்டு என்பர். அதனுள்ளே தண்டைச் சுற்றி அடைக்கப்பட்டிருக்கும் கயிறு நாளடைவில் தேய்ந்து சுருங்குவதால் கசிவு ஏற்படுகிறது.

ஸ்பேனரால் அந்த நட்டை வலப்புறமாக, ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கு மட்டும் திருகிப் பாருங்கள். கசிவு நிற்கவில்லையென்றால் இன்னும் அதே அளவு. பெரும்பாலான கசிவுகள் இதிலேயே நின்றுவிடும். அதற்கு மேல் முறுக்கினால் கைப்பிடி இறுகித் திருப்ப முடியாமல் போகும். நட்டும் விரிசல் விடும்.

அப்படியும் நிற்காவிட்டால் கயிற்றை மாற்ற வேண்டும். நட்டைக் கழற்றுவதற்கு முன் அந்த வால்வுக்கு முன்னால் தண்ணீரை நிறுத்துவது அவசியம். அதே வால்வை மூடிவிட்டுக் கழற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். பழைய வால்வு முழுமையாக மூடாது. மாடித் தொட்டிக்கும் வால்வுக்கும் இடையே வேறு வால்வு இல்லையென்றால், மோட்டார் போடாமல் விட்டு, தொட்டித் தண்ணீர் குறைந்த பின், தேவையானதைக் குடங்களில் பிடித்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். பழைய கயிற்றைச் சுரண்டி எடுத்து, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் கிளாண்ட் கயிற்றைத் தண்டைச் சுற்றி இறுக்கமாக வைத்து நட்டை மாட்ட வேண்டும். கைப்பழக்கம் இல்லாதவர்கள் பிளம்பரை அழைப்பதே நல்லது.

இணைப்பிலும் உள்ளேயும் கசிந்தால்

வால்வும் குழாயும் சேரும் மரையில் கசிந்தால், மேலும் முறுக்குவது பல நேரங்களில் கெடுதலாக முடியும். தண்ணீரை நிறுத்திக் கழற்றி, மரையைச் சுத்தம் செய்து, டெஃப்லான் டேப்பைப் புதிதாகச் சுற்ற வேண்டும். மரையின் முனை உங்களைப் பார்த்திருக்கும்போது கடிகார முள் சுற்றும் திசையில் டேப்பைச் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கும்போதே அவிழ்ந்துவிடும். இரண்டு ஸ்பேனர்கள் வேண்டும். ஒன்று குழாயை அசையாமல் பிடித்துக்கொள்ள, மற்றொன்று திருக. ஒன்றை மட்டும் கொண்டு திருகினால் சுவருக்குள் இருக்கும் இணைப்பு விட்டுப்போகும். அந்தப் பழுது கண்ணுக்குத் தெரியாது. அண்டை வீட்டுச் சுவரில்தான் தெரியும்.

மூடிய பின்னும் தண்ணீர் வந்துகொண்டே இருந்தால் உட்புறத் தகடோ வளையமோ தேய்ந்திருக்கிறது. வால்வின் உடலில் விரிசல் இருந்தாலும், பித்தளை இளஞ்சிவப்பாக நிறம் மாறி அரித்துப் போயிருந்தாலும் அதைச் சரிசெய்ய முயல வேண்டாம். புதிய வால்வையே பொருத்துங்கள். எம்-சீல் பூசுவதும் ரப்பர்த் துண்டைக் கட்டுவதும் பிளம்பர் வரும்வரை மட்டுமே. நான் கட்டிய துணியைப் போல நான்கு மாதங்களுக்கு அல்ல!

தெருக் குழாயிலிருந்து வீட்டுக்கு வரும் இணைப்பில், வீட்டு எல்லைக்கு வெளியே கசிவு இருந்தால் நாமே தோண்டக் கூடாது. நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ தெரிவிப்பது நம் கடமை.

கெடாமல் காப்பது

ஆறு மாதங்களுக்கு ஒருமுறை வீட்டிலுள்ள எல்லா வால்வுகளையும் ஒருமுறை மெதுவாக மூடித் திறந்து விடுங்கள். அசையாமல் கிடப்பதே அவற்றை இறுகச் செய்கிறது. கேட் வால்வை முழுமையாகத் திறந்து வையுங்கள், அல்லது முழுமையாக மூடுங்கள். பாதி திறந்து தண்ணீரின் வேகத்தைக் குறைக்கப் பயன்படுத்தினால் உள்ளிருக்கும் தகடு அதிர்ந்து தேய்ந்துவிடும். இறுகிப்போன வால்வை ஒருபோதும் பலத்தால் திருப்பாதீர்கள். வால்வின் அடியில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். டெங்குவைப் பரப்பும் கொசு இத்தகைய தெளிந்த நீரில்தான் முட்டையிடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் குடும்பங்களில் பலருடைய வீட்டு ஆண்கள் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். வீட்டில் தாய்மாரும் பிள்ளைகளும் வயது முதிர்ந்தோருமே உள்ளனர். நள்ளிரவில் குழாய் உடைந்தால் எந்த வால்வை, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியுமா? அடுத்த விடுமுறையில் வரும்போது, கொண்டுவரும் பெட்டியைப் பிரிப்பதற்கு முன் இதைச் சொல்லிக் கொடுங்கள். 'சமையலறை', 'குளியலறை' என்று ஒவ்வொரு வால்வின் அருகிலும் பெயிண்டால் எழுதி வையுங்கள். மனைவியையும் பிள்ளைகளையும் தம் கையால் ஒருமுறை மூடித் திறக்கச் சொல்லுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் கசிவைக் கண்ட அன்றே உரிமையாளரிடம் தெரிவியுங்கள். உரிமையாளர்களே! "குடியிருப்பவர் பார்த்துக் கொள்ளட்டும்" என்று தள்ளிப் போடாதீர்கள்.

கண்ணியத்திற்குரியவர்களே! தண்ணீரை வீணாக்கியதற்காக அல்லாஹ்விடம் நாம் தவ்பா செய்யலாம், அவன் மன்னிப்பாளன். ஆனால் நம் வீட்டுத் தண்ணீர் அண்டை வீட்டுச் சுவரை நனைத்திருந்தால், அந்த வீட்டாரும் மன்னிக்க வேண்டும். இன்று அஸர் தொழுதுவிட்டு வீடு திரும்பியதும் மாடிக்குச் சென்று உங்கள் வீட்டு வால்வை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். கை நனைந்தால், "அடுத்த வாரம்" என்று சொல்லாதீர்கள்.

அருட்கொடைகளைப் பேணவும், அண்டை வீட்டாருக்குத் தீங்கின்றி வாழவும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.