வெயின் ஓட்ஸ்: துயரத்தைக் கேட்கக் கற்பித்த போதகர்

1999 ஒக்ரோபர் 21ஆம் திகதி அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்திலுள்ள லூயிவில் நகரில் வெயின் ஓட்ஸ் காலமானார். அவருக்கு வயது 82. பப்டிஸ்ட் திருச்சபையின் போதகர், உளவியலாளர், ஐம்பதுக்கு மேற்பட்ட நூல்களை எழுதியவர். ஆனால் நியூயோர்க் ரைம்ஸ் நாளேடு அவரது மரணச் செய்திக்கு இட்ட தலைப்பில் அவருடைய பணிகளில் ஒன்றுதான் இடம்பிடித்தது. ‘வேர்க்கஹோலிக்’ என்ற சொல்லை உருவாக்கியவர் மறைந்தார் என்று அது சொன்னது. ஊடகக் கற்கைகள் படித்தவள் என்ற வகையில் அந்தத் தலைப்பை நான் விளங்கிக்கொள்கிறேன். எல்லாருக்கும் தெரிந்த சொல்லைத்தான் தலைப்பில் போடுவார்கள். ஆனாலும் எங்களைப் போன்ற இடங்களுக்குத் தேவையான ஓட்ஸ் அந்தத் தலைப்புக்குள் இல்லை.

எனக்கு அவரைப் பற்றிச் சொன்னவர் வன்னியில் உளவளத்துணைப் பணியில் இருந்த ஒருவர். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளது போராட்டத்தைப் பற்றி நான் எழுதப் போயிருந்த காலம் அது. “தங்கச்சி, என்ன வேணுமெண்டாலும் கேளுங்கோ. எப்ப இதிலயிருந்து வெளியில வருவீங்கள் எண்டு மட்டும் அந்த அம்மாக்களிட்டக் கேக்காதேங்கோ” என்றார். ஏன் என்று கேட்டபோதுதான் ஓட்ஸின் பெயர் வந்தது.

ஓட்ஸ் 1917 ஜூனில் தென் கரோலினா மாநிலத்தின் கிறீன்வில் ஊரில் பிறந்தார். குழந்தையாக இருக்கும்போதே தகப்பன் குடும்பத்தைக் கைவிட்டுப் போய்விட்டார். தாய் பஞ்சாலையில் வேலைக்குப் போக, பாட்டியும் அக்காவும்தான் அவரை வளர்த்தார்கள். பதினான்கு வயதில் வாசிங்ரனில் செனற் சபையின் ஏவல் சிறுவர்களில் ஒருவராகத் தெரிவானார். குடும்பத்தில் முதன்முதலில் கல்லூரி வாசலை மிதித்தவர் அவர்தான். படித்துக்கொண்டே சிறிய சபைகளில் போதகராக இருந்தார். 1947இல் லூயிவில் நகரின் தென் பப்டிஸ்ட் இறையியல் கல்லூரியில் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆய்வின் தலைப்பு, சிக்மண்ட் பிராய்டின் பணி கிறிஸ்தவ விசுவாசத்துக்கு என்ன சொல்கிறது என்பது. கடவுள் நம்பிக்கையை மாயை என்று எழுதியவர் பிராய்ட். தென் மாநிலங்களின் பப்டிஸ்ட் சூழலில் அவரை ஆய்வுக்கு எடுப்பது லேசான காரியமாக இருந்திருக்காது. ஓட்ஸ் பிராய்டையும் படித்தார், வேதாகமத்தையும் கைவிடவில்லை.

அவரை உருவாக்கியது வகுப்பறை மட்டுமல்ல. அன்ரன் பொய்சன் என்றொரு போதகர் இருந்தார். தானே மனநோய்க்கு ஆளாகி 1920இல் மனநல வைத்தியசாலையில் அடைக்கப்பட்டவர். குணமாகி வெளியே வந்த பிறகு, 1925 முதல் இறையியல் மாணவர்களை வைத்தியசாலைக்குள் அழைத்துப்போய்ப் பயிற்சி கொடுத்தார். புத்தகத்தைப் படிக்கும் அதே கவனத்தோடு துன்பப்படுகிற மனிதரையும் படிக்க வேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு. அந்த வழியில் வந்து, அதைத் தென் பப்டிஸ்ட் போதகர்களிடம் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் ஓட்ஸ். நோயாளியின் கட்டிலருகே போய் உடனே செபம் சொல்லத் தொடங்காதே, முதலில் இருந்து கேள் என்று தலைமுறை தலைமுறையாகப் போதகர்களுக்குக் கற்பித்தார்.

1955இல் வெளிவந்த, கிறிஸ்தவ அனுபவத்தில் பதகளிப்பு பற்றிய நூலில், இழப்பைச் சந்தித்த மனம் கடந்துபோகும் கட்டங்களை அவர் விவரித்தார். முதலில் அடி விழுகிறது. பிறகு மரத்துப்போதல். மூன்றாவது, கற்பனைக்கும் நிஜத்துக்கும் இடையிலான இழுபறி. அதன் பின்னரே அழுகை வெள்ளமாக உடைகிறது. பிறகு, ஏதோவொரு நினைவு வந்து குத்துகிற காலம். கடைசியில் இழப்பை ஏற்றுக்கொண்டு வாழத் தொடங்குதல். எலிசபெத் கியூப்ளர்-ரொஸ்ஸின் புகழ்பெற்ற ஐந்து கட்டங்கள் வந்தது 1969இல்தான்.

அந்த மூன்றாவது கட்டத்தில்தான் நான் நின்றுவிட்டேன். இறந்தவர் வாசலில் வருவது போலிருக்கும், அவருக்கும் சேர்த்துச் சோறு போடக் கை போகும். உடலைக் கண்டு, செத்தவீடு செய்து, எட்டுச் செலவும் அந்தியேட்டியும் முடித்தவர்களுக்கு அந்த இழுபறி மெல்ல மெல்ல ஓயும். சடங்குகள் செய்கிற வேலையே அதுதான். உடலே இல்லாதவருக்கு? வட்டுவாகலில் பிள்ளையைக் கையில் பிடித்து இராணுவத்திடம் ஒப்படைத்த தாய்க்கு? மரணச் சான்றிதழை வாங்க மறுக்கும் அம்மாக்களைப் பிடிவாதக்காரர்கள் என்று அதிகாரிகள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அது பிடிவாதம் அல்ல. நிஜம் எது என்று சொல்ல வேண்டியவர்கள் சொல்லாதபோது அந்தக் கட்டத்தைக் கடக்கும்படி அவர்களை எப்படிக் கேட்பது?

ஓட்ஸும் அந்தக் கட்டங்களோடு நின்றுவிடவில்லை. 1981இல் எழுதிய நூலொன்றில், துயரம் எல்லாருக்கும் ஒன்றல்ல, வகை வகையானது என்றார். வரப்போகும் இழப்பை எண்ணி முன்கூட்டியே படும் துயரம் ஒன்று. திடீரென்று தாக்குவது இன்னொன்று. முடிவே இல்லாத துயரம் என்றும் ஒரு வகையை அவர் தனியாகப் பெயரிட்டார். அதற்குக் கெடு வைக்க முடியாது. அதைச் சுமப்பவரை நோயாளி என்று நினைக்கவும் கூடாது. அந்த உளவளத்துணையாளர் என்னைத் தடுத்த கேள்வி ஏன் தவறானது என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது.

சமயம் எப்போது நோயாகிறது என்று கேட்டு 1970இல் ஒரு நூலும் எழுதினார். சமயத்தை எதிர்ப்பவர் அல்ல, தினமும் செபிக்கிற ஒருவர் எழுதிய நூல் என்பதுதான் அதன் பெறுமதி. முள்ளிவாய்க்காலிலிருந்து வந்தவர்களிடம் இது விதி என்றும், முற்பிறப்பின் பலன் என்றும், கடவுளின் சோதனை என்றும் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள். சைவர், கிறிஸ்தவர் என்ற பேதம் இதில் இல்லை. நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அதைக் கேட்டபின் அந்த மனிதர் வாய் திறப்பதில்லை.

அந்தப் பிரபலமான சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. ஓட்ஸின் ஐந்து வயது மகன் ஒருமுறை, அப்பாவைப் பார்த்துக் கதைக்க அவருடைய அலுவலகத்தில் நேரம் ஒதுக்கித் தரும்படி கேட்டானாம். ஊரார் துயரமெல்லாம் கேட்கிற மனிதரின் வீட்டில் இது நடந்தது. மதுவுக்கு அடிமையானவரைப் போலத்தான் தானும் வேலைக்கு அடிமை என்று உணர்ந்து, 1968இல் ஒரு கட்டுரையில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். 1971இல் அது நூலாகவும் வந்தது. இங்கே நிவாரணப் பணியிலும் மனித உரிமைப் பணியிலும் ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் சிலரை எனக்குத் தெரியும். அவர்களுடைய பிள்ளைகளையும் தெரியும்.

1974இல் இறையியல் கல்லூரியை விட்டு லூயிவில் பல்கலைக்கழக மருத்துவபீடத்தின் உளமருத்துவத் துறைக்குப் பேராசிரியராகப் போனார். வைத்தியர்களாகப் போகிறவர்களுக்கும் அவர் கற்பித்தது பெரும்பாலும் அதே பாடந்தான். உளவளத்துணையில் இருவர் மட்டும் கதைப்பதில்லை, மூன்றாவதாகக் கடவுளும் அங்கே இருக்கிறார் என்று 1986இல் எழுதினார். கடவுள் ஏற்கெனவே அந்த அறையில் இருப்பதால், போதகர் அவருக்காக அவசரப்பட்டுப் பதில் சொல்லத் தேவையில்லை என்றே நான் அதை வாசிக்கிறேன்.