இறக்குவதற்கு முன் எழுதி வாங்குங்கள்

“கியர் பாக்ஸ் போச்சு சார், இறக்கிப் பாத்தாத்தான் தெரியும்.” ஒர்க் ஷாப்பில் இதைக் கேட்டதும் பெரும்பாலோர் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறோம். இரண்டு நாள் கழித்து வருவது ஒரு தொகை மட்டும்தான். அதற்குள் கியர் பாக்ஸ் இறங்கி, பிரிந்து, பல்சக்கரமெல்லாம் டீசலில் கழுவப்பட்டிருக்கும். என்ன கோளாறு, எதனால் வந்தது என்று பிறகு யார் கேட்டாலும் காட்ட ஒன்றும் இருக்காது. பணம் வீணாவதும் வாரண்டி கைநழுவுவதும் நுகர்வோர் வழக்கு தோற்பதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அதனால் வண்டி லிஃப்டில் ஏறுவதற்கு முன் சொந்தக்காரர் செய்துகொள்ள வேண்டிய சில வேலைகள் இருக்கின்றன. அவற்றுக்கு ஸ்பேனர் தேவையில்லை; காதும் காலும் மூக்கும் போதும்.

முதலில், கோளாறு கியர் பாக்ஸில்தானா என்று பாருங்கள். கியர் விழாமல் முரண்டு பிடித்தால் இன்ஜினை நிறுத்திவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். நின்ற வண்டியில் வெண்ணெய் போல விழுந்து, ஸ்டார்ட் செய்ததும் முரண்டு பிடித்தால் பெரும்பாலும் கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை என்று அர்த்தம். கேபிள் தளர்ந்திருக்கலாம், கிளட்ச் சிலிண்டரில் ஆயில் கசிந்து காற்று ஏறியிருக்கலாம். லாரியாக இருந்தால் கிளட்ச் பூஸ்டரில் ஏர் லீக் இருக்கலாம். இவற்றுக்குப் பெரும்பாலும் கியர் பாக்ஸை இறக்க வேண்டியதில்லை. ரிவர்ஸ் போடும்போது ‘கர்ர்’ என்று அரைத்தால் கிளட்சை மிதித்தபடி நான்கைந்து விநாடி பொறுத்துப் போடுங்கள். பல வண்டிகளில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ ரிங் கிடையாது, சுற்றிக்கொண்டிருக்கும் ஷாஃப்ட் நிற்க நேரம் வேண்டும். பொறுத்தும் அரைத்தால் அப்போதும் சந்தேகம் கிளட்ச் மேல்தான். மாறாக, மற்றதெல்லாம் சரியாக விழுந்து இரண்டாவதோ மூன்றாவதோ மட்டும் அரைக்கிறது என்றால் அந்த கியரின் சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது. அது உள் வேலை, இறக்கித்தான் ஆக வேண்டும்.

சத்தத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. வண்டி நியூட்ரலில் நிற்கிறது, இன்ஜின் ஓடுகிறது, காலை கிளட்சில் வைக்கவில்லை. ‘ஊ’ என்று ஒரு இரைச்சல் கேட்கிறது. கிளட்சை மிதித்ததும் அது அடங்கினால் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைப் பார்க்க வேண்டும். மிதிக்கும்போது மட்டும் சத்தம் பிறந்தால் ரிலீஸ் பேரிங். வேகம் கூடக்கூட முனகலும் கூடி, ஓடும்போது எந்த கியரில் இருந்தாலும் மாறாமல் தொடர்ந்தால் கியர் பாக்ஸை விட்டுவிட்டு வீல் பேரிங்கையும் கிரவுன் பினியனையும் பாருங்கள். புறப்படும்போதும் ஆக்சிலேட்டரை விடும்போதும் அடியில் ‘டங்’ என்று ஒரு அடி விழுந்தால், லாரியில் முதலில் தொட வேண்டியது ஜாயின்ட் கிராஸும் சென்டர் பேரிங்கும். காரில் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருந்தாலும் இதே அடிதான்.

கிளட்ச் நழுவுகிறதா என்று அறிய, சமதளமான காலிச் சாலையில் மூன்றாவது நான்காவது கியரில் போகும்போது ஆக்சிலேட்டரை அழுத்திப் பாருங்கள். இன்ஜின் சுற்று மட்டும் எகிறி வண்டி அதே வேகத்தில் போனால் பிளேட் பிடிக்கவில்லை. பிரேக் லைனிங் கருகிய மாதிரி ஒரு வாடையும் சேர்ந்து வரும்.

கிளட்ச் பெடல் இல்லாத வண்டிகளில் விஷயம் வேறு. 2014இல் மாருதி செலேரியோ வந்ததிலிருந்து நம் தெருக்களில் பெருகிய ஏஎம்டி உண்மையில் சாதாரண மேனுவல் கியர் பாக்ஸ்தான். நம் கை கால் செய்யும் வேலையை ஆக்சுவேட்டர் செய்கிறது, அவ்வளவே. பேட்டரி நொந்திருந்தால்கூட அது தடுமாறும். திடீரென்று நியூட்ரலுக்குப் போய் எச்சரிக்கை விளக்கைக் காட்டும். பேட்டரி வோல்டேஜைப் பார்க்காமலேயே ‘ஆக்சுவேட்டர் அசெம்பிளி மாத்தணும்’ என்று சொல்லும் இடத்தில் இன்னொரு கேள்வி கேட்கலாம். ஆட்டோமேட்டிக் எதுவானாலும் ஸ்கேன் செய்து, வந்த கோடுகளை அச்சிட்டுக் கேளுங்கள். ‘பி 07’ என்று தொடங்கும் கோடுகள் டிரான்ஸ்மிஷனைக் குறிப்பவை. கோடு எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று சொல்லுமே தவிர, எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று தீர்ப்பெழுதாது. சென்சாரின் ஒயர் அறுந்திருந்தாலும் சென்சார் கோடுதான் வரும்.

ஆயிலை விட நேர்மையான சாட்சி கிடையாது. மேனுவல் கியர் பாக்ஸின் டிரெயின் பிளக்கில் காந்தம் இருந்தால், அதில் மை போல நைஸான பசை படிந்திருப்பது வழக்கம்தான். நகத்தில் கீறும் அளவுக்குத் துணுக்குகள் ஒட்டியிருந்தால் பல்லோ பேரிங்கோ உடைந்துகொண்டிருக்கிறது. பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மழை வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் மேலே உள்ள பிரீத்தர் வழியாகவே தண்ணீர் உள்ளே போய்விடும். இன்ஜின் ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு இதைக் கவனிக்காமல் விடுவது சாதாரணமாக நடக்கிறது. இன்னொன்று, ‘90 ஆயில்’ என்று ஒரே டின்னிலிருந்து எல்லாவற்றுக்கும் ஊற்றும் பழக்கம். டிஃபரன்ஷியலுக்கான ஜிஎல்-5 ரக ஆயில், பித்தளை சிங்க்ரோ உள்ள கியர் பாக்ஸுக்குப் பல நேரம் ஆகாது. அதிலுள்ள கந்தகச் சேர்க்கை பித்தளையை அரிக்கும். வண்டிக் கையேட்டில் ஜிஎல்-4 என்று இருந்தால் பில்லிலும் அதுவே இருக்க வேண்டும். சிவிடி வண்டியில் சாதாரண ஏடிஎஃப் ஊற்றினால் உள்ளே இருக்கும் பெல்ட்டும் புல்லியும் நழுவிச் சாகும்.

பழுதான வண்டியைக் கட்டி இழுப்பதிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. இன்ஜின் நின்ற லாரியைப் பின் சக்கரம் தரையில் உருள இழுத்துப்போனால், கியர் பாக்ஸுக்குள் மெயின் ஷாஃப்ட் சுற்றும், ஆனால் ஆயிலை அள்ளித் தெளிக்கும் கீழ் ஷாஃப்ட் நின்றிருக்கும். கொஞ்ச தூரத்திலேயே பேரிங் காய்ந்துவிடும். ஆக்சில் ஷாஃப்டை உருவிவிட்டோ பின் ஷாஃப்டைக் கழற்றிவிட்டோ இழுக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் காரை மேலே ஏற்றிக்கொண்டு போகும் வண்டியில்தான் அனுப்ப வேண்டும். முறை தெரியாமல் இழுத்தவர் செய்த சேதத்தை ‘ஏற்கனவே இருந்த கோளாறு’ என்று சேர்த்துவிடுவதும் உண்டு.

எல்லாவற்றையும் விட உயிருக்கு நெருக்கமானது, ஓடும்போது கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வருவது. தொப்பூர் இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டிவரும் லாரிகள் பிரேக் சூடேறி என்னவாகின்றன என்பது சேலம், தருமபுரிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கியர் தானே நழுவினால் டிரைவர் ஒன்றும் செய்யாமலே அதே நிலை. ஒரு கையால் கியர் ராடைப் பிடித்தபடி ஓட்டும் டிரைவர்களைப் பார்த்திருக்கிறேன். அது பழகிக்கொள்ளக்கூடிய விஷயமல்ல. வண்டியை நிறுத்த வேண்டிய விஷயம்.

இனி வாரண்டி. “கிளட்ச் தேயுற சாமான் சார், வாரண்டில வராது.” பாதி சரி. கிளட்ச் பிளேட்டின் இயல்பான தேய்மானத்தை எந்தக் கம்பெனியும் ஏற்பதில்லை. ஆனால் பிளேட் கெட்டதற்குக் காரணம் தேய்மானமா என்பதல்லவா கேள்வி? கழற்றிய பிளேட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். சீராகத் தேய்ந்து ரிவெட் தெரிந்தால் ஓட்டிய கணக்கு. கனம் குறையாமலே முகம் பளபளத்து, ஆயில் ஊறி, பெல் ஹவுசிங்குக்குள்ளும் ஈரம் இருந்தால் சீல் ஒழுகியிருக்கிறது. ஆயில் சீல் வாரண்டிக்குள் வரும் பாகம் என்றால் அது கெடுத்த பிளேட்டையும் சேர்த்துக் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. இதைச் சொல்ல அந்தப் பிளேட் இருக்க வேண்டும். வாரண்டியில் மாற்றும் பழைய பாகத்தைக் கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ளும், ஆகவே போட்டோவாவது எடுத்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்து மாற்றினால் பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

‘நீங்க ஓட்டுற விதம் அப்படி’ என்பது அடுத்த பல்லவி. இது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமல்ல. ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு நிறுவனத்தின் பவர்ஷிஃப்ட் இரட்டைக் கிளட்ச் கார்கள் உதறியபோது, வந்த புகார்களில் பலவற்றுக்கு ஓட்டுபவர்தான் காரணம் என்று பதில் சொல்லப்பட்டது; கோளாறு இருப்பது கம்பெனிக்குத் தெரிந்திருந்தும். அங்கேயும் கோளாறுகளில் ஒன்று ஷாஃப்ட் சீல் ஒழுகி கிளட்ச் கெட்டதுதான். 2018இல் அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம் விதித்த அபராதம் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர். வழக்கு கியர் பாக்ஸ் கெட்டதைப் பற்றி அல்ல, புகார் சொன்னவர்களை நடத்திய விதத்தைப் பற்றியது என்பது கவனிக்கத்தக்கது.

வெளி மெக்கானிக்கிடம் விட்டால் வாரண்டி போய்விடும் என்று பயமுறுத்துவதையும் அப்படியே நம்ப வேண்டாம். இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்த ஆணையில், வெளியில் வேலை பார்த்தார் என்பதற்காக மட்டும் ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யக் கூடாது, அந்த வேலையால் வந்த சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்று சொன்னது. ஆணை மேல்முறையீடுகளுக்குப் போனது. ஆனாலும் சர்வீஸ் மேனேஜருக்கு எழுதும் கடிதத்தில் குறிப்பிடத் தகுந்த வாதம்.

கடிதம் என்றேன். போனில் கத்துவது எங்கும் பதிவாவதில்லை. வண்டியை விடும்போது ஜாப் கார்டில் உங்கள் சொற்களிலேயே புகார் எழுதப்பட வேண்டும். ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ‘குளிர்ந்த வண்டியில் இரண்டாவது கியர் அரைக்கிறது, கிலோமீட்டர் இவ்வளவு’ என்று இருக்கட்டும். ஒரே கோளாறுக்கு மூன்று முறை போனால் மூன்று ஜாப் கார்டு இருக்க வேண்டும். மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். அதற்கு மேல் செலவானால் கேட்டுவிட்டுச் செய்யச் சொல்லி அதையும் எழுதுங்கள். பில் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. ‘பில் வேணாம்னா ஜிஎஸ்டி மிச்சம்’ என்று ஒப்புக்கொள்பவர், அந்தக் கொஞ்சப் பணத்துக்கு வழக்கையே விற்றுவிடுகிறார்.

டீலர், கம்பெனி இரண்டுக்கும் எழுதிப் பயனில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம். அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வக்கீல் கட்டாயமில்லை. வண்டியை எங்கே வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, அதற்கு மேல் 10 லட்சம் வரை 200 ரூபாய். கோளாறு எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.

இங்கே பலர் சறுக்குவது இரண்டு இடங்களில். ஒன்று, எடுத்த எடுப்பில் புது வண்டி கேட்பது. கெட்டது ஒரு பாகம் என்றால் அந்தப் பாகத்தை மாற்றித் தருவதே கடமை, முழு வண்டியை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2006இல் மாருதி வழக்கொன்றில் சொல்லியிருக்கிறது. மற்றொன்று, நிபுணர் அறிக்கை இல்லாமல் ‘தயாரிப்புக் குறை’ என்று வாதிடுவது. பரிசோதித்தால்தான் குறை தெரியும் என்ற நிலையில் பொருளைச் சோதனைக்கு அனுப்பச் சட்டத்தின் 38ஆம் பிரிவு இடம் தருகிறது, கேட்டுப் பெற வேண்டியது நாம்தான். பிரித்துக் கழுவிய கியர் பாக்ஸை எந்த நிபுணர் பார்த்து என்ன சொல்வார்?

உயிராபத்துள்ள கோளாறு ஒரே மாடலில் பலருக்கும் வருகிறது என்றால் இன்னொரு வழி திறக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவில் அந்த வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி மத்திய அரசே கம்பெனிக்குச் சொல்லலாம். 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளில் 7 ஆண்டுக்கு உட்பட்ட வாகனங்கள் வருகின்றன. சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் தளத்தில் சொந்தக்காரர் பதியும் புகார்களின் எண்ணிக்கைதான் அதற்கு அடிப்படை. கியர் நழுவல் அங்கே எழுத வேண்டிய புகார். கிளட்ச் கனமாக இருக்கிறது என்பது அல்ல.

நாமக்கல், சங்ககிரிப் பக்கம் அடிக்கடி கேட்கும் சந்தேகம் ஒன்று. “லாரி வியாபார வண்டியாச்சே, நமக்கெல்லாம் கன்ஸ்யூமர் கோர்ட் உண்டாண்ணே?” வணிக நோக்கில் வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்கிறது சட்டம். ஆனால் சுயதொழில் செய்து பிழைக்க வாங்கியவருக்கு விலக்கு உண்டு. கோவை பிஎஸ்ஜி இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் எதிர் தரப்பாக இருந்த 1995ஆம் ஆண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு லாரியையே உதாரணம் காட்டியது. தானே ஓட்டிப் பிழைக்க லாரி வாங்கியவர் நுகர்வோர்தான். உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொள்வதால் அந்தத் தகுதி போகாது. முழுக்க வேறொருவர் ஓட்டுவதற்கென்று வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். ஆகவே ஒற்றை லாரிக்காரர் மனுவின் முதல் பக்கத்திலேயே, இந்த வண்டியை நானே ஓட்டுகிறேன், இதுவே என் பிழைப்பு என்று எழுதி, லைசென்ஸ் நகலையும் சேர்த்துவிட வேண்டும். பத்து லாரி வைத்து டிரைவர் போட்டு ஓட்டுபவர் போக வேண்டிய இடம் சிவில் நீதிமன்றம்.