நஞ்சன்கூட்டில் வீட்டு விடுதி: முதல் விருந்தினர் வரும் வழி

மைசூருவிலிருந்து தெற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், கபிலை ஆற்றின் கரையில் அமைந்துள்ள நஞ்சன்கூடு, கர்நாடகத்தின் புகழ்பெற்ற சைவத் திருத்தலங்களுள் ஒன்று. இங்குள்ள ஸ்ரீகண்டேசுவரர் கோயிலுக்குத் திங்கட்கிழமைகளிலும், அமாவாசை, பௌர்ணமி நாட்களிலும் மக்கள் திரளாக வருகின்றனர். ‘தொட்ட ஜாத்ரே’ எனப்படும் பங்குனிப் பெருவிழாவில் ஐந்து தேர்கள் வீதி வலம் வருகையில் ஊரில் கால் வைக்க இடமிராது. இத்தகைய ஊரில், குடியிருக்கும் வீட்டிலேயே ஓர் அறையை ஒதுக்கி வெளியூரார்க்கு வாடகைக்கு விடுவது எளிதான தொழில் என்றே எவர்க்கும் தோன்றும்.

நடைமுறை வேறாக இருக்கிறது. கோயிலுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் விடியற்காலையில் வந்து, ஆற்றில் நீராடி, வழிபாட்டை முடித்துக்கொண்டு அன்றே திரும்பிவிடுகின்றனர். இரவு தங்க வேண்டியவர்களுக்குக் கோயிலைச் சார்ந்த தங்குமிடங்களும் சத்திரங்களும் உள்ளன. அங்கே செலவு குறைவு. பழகிய இடம் என்ற மனநிறைவும் உண்டு. மைசூருவின் உணவு விடுதிகளும் தங்கும் விடுதிகளும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் உள்ளன. ஆகவே, கூட்டத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டு அறையைப் புதுப்பிப்பவர், கூட்டம் தம் வாசலைக் கடந்து பேருந்து நிலையத்துக்குச் செல்வதையே காண நேரிடும்.

இதில் ஏற்படக்கூடிய இழப்பு சிறிதன்று. எடுத்துக்காட்டாக, ஒரு குடும்பம் அறையையும் குளியலறையையும் சீர்செய்ய 12 சதவீத வட்டியில் இரண்டு லட்சம் ரூபாய் கடன் பெற்று, ஐந்து ஆண்டுகளில் திருப்பிச் செலுத்த ஒப்புக்கொண்டதாகக் கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 4,450 ரூபாய் ஆகும். ஓர் இரவு வாடகையில் காலைச் சிற்றுண்டி, சலவை, மின்சாரம், இடைத்தரகு ஆகியவை போக 700 ரூபாய் எஞ்சினால், மாதத்தில் ஏழு இரவுகள் அறை நிரம்பினால்தான் தவணை கட்ட இயலும். ஏழு இரவுகள் என்பது பெரிய எண்ணிக்கை அன்று. ஆயினும் முதல் மூன்று மாதங்களில் ஓர் இரவுகூட நிரம்பாத வீட்டில், தவணைப் பணம் அரிசிக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் வைத்திருந்த தொகையிலிருந்தே போகும்.

2025-26 ஆம் ஆண்டுக்கான மத்திய நிதிநிலை அறிக்கையில், ‘ஹோம்ஸ்டே’ எனப்படும் வீட்டு விடுதிகளுக்கு முத்ரா கடன் வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. கடன் கிடைப்பது எளிதாகும்போது விருந்தினரைப் பெறும் வழியும் தெரிந்திருத்தல் வேண்டும். கடன் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அலுவலர்கள் கட்டடத்தின் மதிப்பைக் கேட்கின்றனர். யார் வந்து தங்குவார்கள் என்று கேட்பது அரிது. முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

இன்று உலகெங்கும் பரவியுள்ள ஏர்பிஎன்பி நிறுவனத்தின் தொடக்கம் இவ்வகையில் கருதத்தக்கது. 2007 அக்டோபரில் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் வடிவமைப்பாளர் மாநாடு ஒன்று நடைபெற்றது. நகரத்து விடுதிகள் நிரம்பிவிட்டன. வீட்டு வாடகை கொடுக்க இயலாது திண்டாடிய பிரையன் செஸ்கி, ஜோ கெப்பியா என்னும் இரு இளைஞர்கள், தங்கள் வீட்டுக் கூடத்தில் காற்று நிரப்பும் மெத்தைகளை விரித்து, மாநாட்டுக்கு வந்த மூவருக்கு இடமளித்தனர். நல்ல விடுதி அறைக்கு அந்த மெத்தை எவ்வகையிலும் ஈடாகாது. ஆனால் அந்த இரவுகளில் வேறு அறை கிடைக்கவில்லை. புதிதாகத் தொடங்கும் வீட்டுக்காரருக்கு முதல் விருந்தினர் கிடைப்பது பெரும்பாலும் இத்தகைய இரவுகளில்தான். ஆதலால் ஊரின் நாட்காட்டியை அறிதலே தொழிலின் முதல் பாடம்.

நஞ்சன்கூட்டின் நாட்காட்டியில் அத்தகைய இரவுகள் பல உள்ளன. பங்குனித் தேர் நாட்களை எவரும் அறிவர். அதனினும் பயனுள்ளது மைசூரு தசரா. விஜயதசமியன்று யானை ஊர்வலம் காண வருவோரால் மைசூருவின் விடுதிகள் நிரம்பி வாடகை உயரும் நாட்களில், ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள தூய்மையான அறையைத் தேடுவோர் கட்டாயம் இருப்பர். முகூர்த்த நாட்களில், திருமண மண்டபத்துக்கு வரும் உறவினரில் முதியோருக்குத் தனியறை தேவைப்படும். குழந்தைக்கு முடியிறக்க வரும் குடும்பத்தினருக்கு முந்திய இரவு தங்கவும், காலையில் வெந்நீரில் குளிக்கவும் இடம் வேண்டும். இவ்வூரின் தொழிற்பேட்டைக்கு இயந்திரங்களைப் பழுதுபார்க்கவும் தணிக்கைக்காகவும் வரும் வெளியூர்ப் பணியாளர்களோ திருவிழா இல்லாத வாரநாட்களில் வருபவர்கள். வெற்று நாட்களை நிரப்புவதில் பக்தர்களைவிட இவர்களே உறுதியானவர்கள் எனலாம்.

சாலையும் ஒரு வாய்ப்பைத் தருகிறது. மைசூருவிலிருந்து நஞ்சன்கூடு வழியாகச் செல்லும் நெடுஞ்சாலை குண்டுலுப்பேட்டையில் பிரிந்து, ஒரு கிளை ஊட்டிக்கும் மற்றொன்று வயநாட்டுக்கும் செல்கிறது. இரண்டும் பந்திப்பூர்க் காட்டைக் கடந்தாக வேண்டும். வனவிலங்குகளின் பாதுகாப்பை முன்னிட்டு, 2009 ஆம் ஆண்டு முதல் இக்காட்டுச் சாலைகளில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை உள்ளது. பெங்களூரிலிருந்து மாலையில் புறப்படும் குடும்பம் ஒன்பது மணிக்குள் சோதனைச் சாவடியை அடைய இயலாது. வழியில் எங்கேனும் உறங்கி, விடியலில் புறப்பட வேண்டும். அவர்களுக்கு வேண்டியது கார் நிறுத்த இடமும், படுக்கையும், ஐந்து மணிக்கு ஒரு குவளை காப்பியும்தான். கோயிலருகில் வீடில்லையே என்று வருந்தும் நெடுஞ்சாலையோர வீட்டுக்காரர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

யார், எந்த இரவில் வருவார் என்பது தெளிவான பின்னரே அறிவிப்பு எழுதப்பட வேண்டும். ‘அமைதியான சூழல், அன்பான உபசரிப்பு’ என்று எல்லாரும் எழுதுகின்றனர்; படிப்பவர்க்கு அதனால் ஒன்றும் விளங்குவதில்லை. கோயில் வாசலுக்கு எத்தனை நிமிட நடை, குளியலறை அறைக்குள்ளா வெளியிலா, எத்தனை படிகள் ஏற வேண்டும், வீட்டில் சைவ உணவு மட்டுமா, எந்த மொழிகளில் பேச இயலும் என்பவற்றைச் சொன்னால் போதும். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து சாமராஜநகர் வழியே வருவோருக்குத் தமிழில் தொலைபேசியில் பதில் சொல்ல ஒருவர் இருப்பதே பெரிய ஆறுதல்.

படங்களும் அத்தகையவே. மேற்கூறிய நிறுவனத்தினர் 2009 இல் நியூயார்க் நகர வீடுகளுக்குப் பதிவுகள் குறைவாக இருந்ததன் காரணத்தை ஆராய்ந்தபோது, படங்கள் மங்கலாக இருந்ததைக் கண்டனர். தாங்களே புகைப்படக் கருவியுடன் வீடு வீடாகச் சென்று படம் எடுத்தனர். வாரத்துக்கு 200 டாலராக இருந்த வருவாய் விரைவிலேயே இரு மடங்காயிற்று. பகல் வெளிச்சத்தில், சன்னலைத் திறந்து வைத்து எடுத்த ஐந்தாறு படங்கள் போதுமானவை. குளியலறைப் படத்தை விட்டுவிடலாகாது. விருந்தினர் முதலில் தேடுவது அதைத்தான்.

வாடகையைப் பொறுத்தவரை இரு தவறுகள் நிகழ்கின்றன. திருவிழா நாளில் மும்மடங்கு கேட்பது ஒன்று. முதல் விருந்தினர் எழுதும் கருத்துரையே அடுத்தவர் படிக்கப் போவது. அதில் ‘கொள்ளை’ என்ற சொல் இடம்பெற்றால் ஆண்டு முழுவதும் அதன் பலன் தொடரும். விருந்தினரே வராததால் விலையைக் குறைத்துக்கொண்டே போவது மற்றொன்று. முதல் மூன்று, நான்கு பதிவுகளுக்கு மட்டும் சலுகை என்று வெளிப்படையாக அறிவித்து, பிறகு உரிய வாடகைக்குத் திரும்புவதே தக்கது. உறவினரையும் நண்பரையும் கொண்டு பொய்க் கருத்துரை எழுதச் செய்வோரும் உளர். மெய்யான விருந்தினர் வந்து ஏமாந்த அன்றே அது வெளிப்பட்டுவிடும்.

குறையைச் சொல்லத் தயங்குவோர் மழைக்காலத்தில் இடர்ப்படுவர். கபினி அணையிலிருந்து மிகுதியான நீர் திறக்கப்படும்போது நஞ்சன்கூட்டின் படித்துறைகள் மூழ்குகின்றன. 2019 ஆகஸ்டு வெள்ளத்தில் ஊருக்கு அருகே மைசூரு நெடுஞ்சாலையே நீரில் மூழ்கி, போக்குவரத்து நின்றது. அத்தகைய நாட்களில் பதிவு செய்திருப்பவரைத் தாமே அழைத்து நிலைமையைச் சொல்லி, முன்பணத்தைத் திருப்பித் தரும் வீட்டுக்காரர் ஓர் இரவு வாடகையை இழக்கிறார். அந்தக் குடும்பம் வெள்ளம் வடிந்தபின் வேறு வீட்டைத் தேடப் போவதில்லை.

சட்ட நடைமுறைகளை முதல் விருந்தினர் வருமுன்பே முடித்துக்கொள்ள வேண்டும். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் வீட்டு விடுதித் திட்டத்தில், உரிமையாளர் குடும்பத்துடன் அதே வீட்டில் வசிப்பது கட்டாயம். ஓர் அறை முதல் ஆறு அறைகள் வரை விடலாம். தங்கம், வெள்ளி என இரு தரங்கள் வழங்கப்படுகின்றன. மாநிலச் சுற்றுலாத் துறையிடமும் பதிவு செய்துகொள்ளுதல் நலம். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் மின்வழியில் உரிய அலுவலருக்குத் தகவல் தருதல் வேண்டும். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத சிறு வீட்டுக்காரர் பொதுவாகச் சரக்கு, சேவை வரிக்குப் பதிவு செய்ய வேண்டியதில்லை. அவர் இணையதள நிறுவனத்தின் வழியாக அறையை விடும்போது அவ்வரியை அந்நிறுவனமே செலுத்துகிறது.

இவற்றோடு, வரவேற்பறை மேசைமீது ஒரு தடித்த குறிப்பேடு இருப்பது நல்லது. பெயர், ஊர், அடையாளச் சான்று ஆகியவற்றுடன், ‘எதற்காக வந்தீர்கள், எப்படி அறிந்தீர்கள்’ என்ற இரு கேள்விகளுக்கான விடையையும் அதில் குறித்து வைத்தால், ஆறாவது மாதத்தில் தசராவுக்கு வந்தவர் எத்தனை பேர், தொழிற்பேட்டைக்கு வந்தவர் எத்தனை பேர் என்பது அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்துவிடும். இரண்டாவது அறையைக் கட்டலாமா என்பதையும் அந்தக் கணக்கைப் பார்த்தே முடிவு செய்யலாம்.