தலை நிமிரட்டும் நம் மழலை!

பூம்புகார்க் கடலில், அலைமேல் ஆடும் படகில் நின்று வலை வீசும் மீனவரைக் காண்கிறோம். படகு எப்பக்கம் சாய்ந்தாலும் அவர் தலை நிமிர்ந்தே நிற்கிறது. உட்செவி சாய்வை உணர்கிறது; கண் அடிவானத்தை நோக்குகிறது; கழுத்துத் தசைகள் நொடியில் செயற்படுகின்றன. இவற்றை ஒருங்கே ஆள்வது மூளை.

குழந்தை இவ்வாற்றலை முதலில் பயில்வது, தலையை நிறுத்தும் போதுதான். மூன்று, நான்கு மாதங்களில் தலை நிற்கிறது. தலையை உயர்த்தி ஆடும் ஐந்தாம் மாத அழகையே பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் செங்கீரைப் பருவமாகப் பாடினர். மூளை முடக்குவாதமுற்ற குழந்தைக்கோ இப்பேறு எளிதில் கிட்டுவதில்லை. குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது பிராணவாயுக் குறைவு, கடும் மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் போன்றவற்றால் வளரும் மூளை ஊறுபடுவதே இதன் காரணம்; பெற்றோரின் பாவம் அன்று. பிறவிக் குருடரைக் குறித்துச் சீடர்கள் எழுப்பிய இதே ஐயத்தை ஆண்டவர் மறுத்ததை யோவான் நற்செய்தி 9ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம் அன்றோ?

தலை நில்லாவிடில் உணவு விழுங்குவதும் இடர். தாயின் முகம் பார்ப்பதும், கைநீட்டி ஒரு பொருளைப் பற்றுவதும் அரிது.

பயிற்சி எவ்வாறு?

எண்ணெய் தேய்த்துப் பிறர் கைகால்களை நீட்டி மடக்குவதால் மட்டும் தலை நிற்பதில்லை. குழந்தையின் சொந்த முயற்சியே பயன் தரும் என்பதை அண்மைக் கால ஆய்வுகள் வலியுறுத்துகின்றன. தாய் குழந்தையைத் தன்னை நோக்கி மடியில் அமர்த்தி, மார்புக்கூட்டை இரு கைகளாலும் பற்றி, மெல்ல ஒருபுறம் சிறிதே சாய்த்துக் காத்திருக்கிறாள். தலையை நேராக்கும் வேலை குழந்தையுடையது. அது கைவரக் கைவரத் தாயின் பிடி இடுப்பை நோக்கி இறங்கும். மார்பின்கீழ்த் துணிச்சுருள் வைத்துக் குப்புறக் கிடத்தி, எதிரே முகங்காட்டி அழைப்பதும் நன்று. நாளில் பலமுறை, சில நிமிடங்களே போதும். உணவு உண்டவுடன் கூடாது. குலுக்குதல் ஒருபோதும் ஆகாது. இயன்முறை மருத்துவர் குழந்தையைச் சோதித்துக் கற்பித்த பின்னரே தொடங்குக. வலிப்பு உண்டெனில் அதனை முன்னரே அவரிடம் கூறுக.

வயல்வெளி தந்த சான்று

இது நகரத்தார்க்கே இயலும் என்பதில்லை. 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வில் வீழ்ந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர் திரு. எஸ். இராமகிருஷ்ணன். தென்காசியை அடுத்த ஆய்க்குடி என்னும் சிற்றூரில் அவர் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கத்தின் பணியாளர்கள், சிற்றூர்களில் வீடு தேடிச் சென்று அன்னையர்க்கு இத்தகைய பயிற்சிகளைக் கற்பிக்கின்றனர்.

எல்லாக் குழந்தைகளும் முழுமையாகத் தலை நிமிர்வர் என்று உறுதி கூறவியலாது. சிலர்க்குத் தலைதாங்கும் நாற்காலியே நல்வழி. ஆயினும் காலம் தாழ்த்தல் தகாது. நான்கு மாதம் முடிந்தும் தலை நில்லாவிடில் மருத்துவரை நாடுக. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தையும் அணுகுக.

பங்கு மக்களே! நாளும் பயிற்சி தரும் அன்னையின் கைகள் சோர்வுறும். தந்தையும் ஞானப்பெற்றோரும் அண்டை வீட்டாரும் முறை வைத்து அக்குழந்தையை ஏந்துவார்களாயின், அதுவும் ஆண்டவர்க்கு உகந்த வழிபாடே.