ஏழு கல் வாசல்கள்

சீனாவில் ஆன்ஹுய் என்று ஒரு மாகாணம் இருக்கிறது. அங்கே தாங்யுவே என்று ஒரு சிற்றூர். ஊருக்குப் போகும் பாதையில் ஏழு பெரிய கல் வாசல்கள் வரிசையாக நிற்கின்றன. இவற்றுக்குக் கதவு கிடையாது. பக்கத்தில் மதில் சுவரும் கிடையாது. பிறகு எதற்காகக் கட்டினார்கள்?

இவை நினைவு வாசல்கள். சாஞ்சியில் உள்ள கல் தோரண வாயிலைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். கிட்டத்தட்ட அதுபோலத்தான் இருக்கும். நான்கு தூண்கள், நடுவே மூன்று வழிகள். ஒரு கல்லின் நுனியை இன்னொரு கல்லின் துளையில் பொருத்திக் கட்டியிருக்கிறார்கள்.

இத்தகைய சீன வாசல்களில் சிங்கம், டிராகன், கொக்கு, பூக்கள் எல்லாம் செதுக்குவார்கள். வௌவாலையும் செதுக்குவது உண்டு. ஏன் தெரியுமா? சீன மொழியில் வௌவாலுக்கும் நல்வாழ்வுக்கும் ஒரே ஒலி. அதனால் அங்கே வௌவால் மங்கலச் சின்னம்.

தாங்யுவே வாசல்கள் பாவ் என்ற குடும்பத்தாரைப் பற்றியவை. மிங் அரசர்கள் காலத்தில் மூன்றும், அடுத்து வந்த சிங் அரசர்கள் காலத்தில் நான்கும் எழுந்தன. இப்படி வாசல் கட்ட அரசரின் அனுமதி வேண்டும்.

ஒரு வாசல் தந்தையையும் மகனையும் பற்றியது. கொள்ளையரிடம் சிக்கியபோது, "அவரை விட்டுவிடுங்கள், என்னைக் கொல்லுங்கள்" என்று இருவருமே கெஞ்சினார்களாம். இன்னொரு வாசல் 1820ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஏழைகளுக்குத் தானியம் கொடுத்து, ஆற்றுக்கரையைச் சீர்செய்ததற்காகக் கட்டியது.

இரண்டு வாசல்கள் பெண்களுக்கு உரியவை. அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்? கணவர் இறந்த பின் மறுமணம் செய்யாமல் வாழ்ந்தார்கள்.

அவர்களில் ஒருவர் பாவ் வென்யுவான் என்பவரின் மனைவி. வென்யுவானுக்கு இவர் இரண்டாம் தாரம். முதல் மனைவி இறந்த பின் இவரை மணந்தார். அதை யாரும் தவறு என்று சொல்லவில்லை. பிறகு வென்யுவான் இறந்தார். அப்போது இந்தப் பெண்ணுக்கு வயது 29. மூத்த தாரத்தின் மகனை வளர்த்து ஆளாக்கினார். கடைசிவரை தனியாகவே வாழ்ந்தார்.

இதற்குப் பின்னால் அரசின் ஆணையும் இருந்தது. 1368இல் மிங் அரசு அந்த ஆணையைப் போட்டது. 30 வயதுக்கு முன் கணவரை இழந்த பெண், 50 வயது தாண்டியும் மறுமணம் செய்யாமல் இருந்தால் அரசு பாராட்டும். அவருடைய குடும்பம் அரசுக்குக் கட்டாய வேலை செய்ய வேண்டியதில்லை. சிங் அரசும் இந்த வழக்கத்தைத் தொடர்ந்தது. பாராட்டும் சலுகையும் வீட்டாருக்குக் கிடைத்தன. தனிமை அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது.

காலம் மாறியது. 1912இல் அங்கே மன்னராட்சி முடிந்தது. 1950இல் சீனாவில் புதிய திருமணச் சட்டம் வந்தது. கணவரை இழந்த பெண் மறுமணம் செய்வதை யாரும் தடுக்கக் கூடாது என்று அந்தச் சட்டம் சொன்னது.

இன்று பலரும் தாங்யுவேக்குப் போய் இந்த வாசல்களைப் பார்க்கிறார்கள். சிற்பிகளின் உழைப்பைக் கண்டு வியக்கிறார்கள். நாமும் வியக்கலாம். ஆனால் கல்லில் உள்ள எழுத்தையும் கவனிக்க வேண்டும்.

அந்த வாசலில் கணவரின் முழுப் பெயர் இருக்கிறது. மனைவியைப் பற்றி, "வூ குடும்பத்துப் பெண்" என்று மட்டுமே இருக்கிறது. வூ என்பது அவர் பிறந்த குடும்பத்தின் பெயர். அவருடைய சொந்தப் பெயர் அந்தக் கல்லில் இல்லை.

அவருக்காகக் கட்டிய வாசல் அது. அதில் அவர் பெயரை எழுத ஏன் யாருக்கும் தோன்றவில்லை?