தென்சீனக் கடலும் துணைவலியும்

ஆசியாவின் தேசப்படத்தை விரித்து, மலாக்கா நீரிணையைக் கடந்து கிழக்கு நோக்கிச் செல்லும் கப்பலின் வழியை விரலாற் பின்பற்றுவோமாயின், நாம் சென்று சேருவது தென்சீனக் கடலாகும். வடக்கே சீனமும் தைவானும், மேற்கே வியட்நாமும், கிழக்கே பிலிப்பைன் தீவுகளும், தெற்கே மலேசியாவும் புருணையும் இந்தோனேசியாவும் சூழ, ஏறக்குறைய 35 இலட்சம் சதுரக் கிலோமீற்றர் பரப்பில் அது விரிந்து கிடக்கின்றது. யப்பானும் கொரியாவும் வேண்டும் எண்ணெயிற் பெரும்பகுதி இவ்வழியே செல்கின்றது. கரையோர நாடுகளின் மீனவருக்கோ இக்கடலே விளைநிலம். இதனிடையே பரசெல், ஸ்பிராட்லி என்னும் இரு தீவுக் கூட்டங்கள் உள. தீவுகள் என்று பெயர் பெறினும், அவற்றுட் பல கடல் பெருகும்போது நீருள் மறையும் பாறைகளும் பவளத் திட்டுகளுமே. இவற்றின்பொருட்டு நாடுகள் முரண்படுவதேன்? அம்முரண்பாட்டிற் சிறிய நாடுகள் தேடிய பெருந்துணை அவற்றுக்கு எத்துணை உதவிற்று? இவ்விரு வினாக்களையும் ஈண்டு ஆராய்வாம்.

இரண்டாம் உலகப் போருக்கு முன்னர், 1939 ஆம் ஆண்டில், இத்தீவுகளை யப்பான் கைப்பற்றியது. தோல்வியுற்ற பின், 1951 ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவிற் செய்யப்பட்ட சமாதான உடன்படிக்கையில் அவற்றின்மீதான உரிமையைத் துறந்தது. நமது நாடும் கைச்சாத்திட்ட அவ்வுடன்படிக்கை, துறந்த உரிமை எவரைச் சாரும் என்பதைக் கூறாது விட்டது. சீனக் குடியரசு 1947 ஆம் ஆண்டிலேயே கடலின் பெரும்பகுதியை வளைத்துக் கோடிட்ட படமொன்றை வெளியிட்டிருந்தது. பின்வந்த பீக்கிங் அரசும் அக்கோட்டைத் தனதாக்கி, பின்னர் ஒன்பது கீறுகளாகக் குறைத்துக் கொண்டது. வியட்நாம், பிலிப்பைன், மலேசியா, புருணை என்பனவும் தத்தம் உரிமையை நாட்டலாயின. உரியவர் பெயர் எழுதப்படாத உறுதியினால் எழும் காணி வழக்குப் போன்றதே இதுவும்.

இனி, துணையின் வரலாற்றை நோக்குவாம். பரசெல் தீவுகளின் மேற்குப் பகுதியைத் தென்வியட்நாம் காவல் செய்துவந்தது. அதன் பெருந்துணை ஐக்கிய அமெரிக்கா. 1974 ஆம் ஆண்டு ஜனவரி 19 ஆம் நாள் சீனக் கடற்படை அங்கே போர் தொடுத்து, தீவுகளைக் கைப்பற்றியது. அமெரிக்காவின் ஏழாவது கடற்படைப் பிரிவு அப்பெருங்கடலில் இருந்தும் உதவிக்கு வரவில்லை. காரணம் வெளிப்படை: 1972 ஆம் ஆண்டு அதிபர் நிக்சன் பீக்கிங் சென்று புதிய உறவுக்கு வித்திட்டிருந்தார், 1973 ஆம் ஆண்டில் அமெரிக்கப் படைகளும் வியட்நாமை விட்டு நீங்கியிருந்தன. வடவியட்நாமோ, அன்று சீனத்தின் உதவியைப் பெற்றிருந்தமையால், அச்செயலைப் பகிரங்கமாகக் கண்டித்திலது.

பதினான்கு ஆண்டுகள் கழிந்தன. ஒன்றுபட்ட வியட்நாம் சீனத்தோடு பகைத்து, 1978 ஆம் ஆண்டில் சோவியத்து நாட்டோடு நட்புடன்படிக்கை செய்துகொண்டது. 1979 ஆம் ஆண்டு சீனம் எல்லை கடந்து தாக்கிய பின், காம்ரான் குடாவிற் சோவியத்துக் கடற்படை நங்கூரமிட்டது. 1905 ஆம் ஆண்டு சூஷிமாவில் அழிவதற்கு முன் இரஷியப் பேரரசின் கப்பல்கள் தங்கிச் சென்ற துறைமுகமும், 1960களில் அமெரிக்கர் பெருந்தளமாக அமைத்ததும் இதுவே. 1988 மார்ச் 14 ஆம் நாள் ஸ்பிராட்லித் தீவுக் கூட்டத்தின் ஜோன்சன் தென்திட்டில் சீனக் கப்பல்கள் சுட்டபோது வியட்நாமியர் 64 பேர் உயிர் துறந்தனர். காம்ரானில் நின்ற சோவியத்துக் கப்பல்கள் அசையவில்லை. கோர்பச்சேவ் அப்பொழுது பீக்கிங்கின் நல்லுறவை நாடியிருந்தார். அடுத்த ஆண்டு மே மாதத்தில் அங்கு சென்றும் வந்தார். துணைவர் மாறினர், கொள்கையும் மாறிற்று, விளைவு மட்டும் மாறவில்லை.

எனவே துணை பயனற்றது என்று முடிவு கட்டுதல் பொருந்துமோ? பொருந்தாது. பிலிப்பைன் நாடு 1951 ஆம் ஆண்டு தொட்டு அமெரிக்காவோடு பாதுகாப்பு உடன்படிக்கை உடையது. 1991 ஆம் ஆண்டு செப்ரெம்பரில் அந்நாட்டுச் செனற் சபை, தளங்களை நீடிக்கும் ஒப்பந்தத்தைப் 12க்கு 11 என்னும் வாக்குகளால் நிராகரித்தது. தன்மானங் கருதிச் செய்த அச்செயலை எவரும் இகழார். எனினும், 1992 இல் அமெரிக்கர் சூபிக் குடாவை விட்டு நீங்க, 1995 ஆம் ஆண்டின் தொடக்கத்திற் பலவான் தீவுக்கு மேற்கேயுள்ள மிஸ்சீவ் திட்டிற் சீனர் கட்டடங்கள் எழுப்பியிருத்தல் காணப்பட்டது. 2016 ஆம் ஆண்டில் அதிபர் டுற்றேற்றே பீக்கிங்கிலே நின்று அமெரிக்காவை விட்டுப் பிரிவதாக அறிவித்தார். அதனாலும் சர்ச்சைக்குரிய திட்டுகள் மீளவில்லை. 2023 ஆம் ஆண்டில் அவர்க்குப் பின் வந்த அரசு அமெரிக்கருக்கு மேலும் நான்கு தளங்களைத் திறந்துவிட்டது. ஒருபக்கம் முழுதுஞ் சாய்தலும், பின்னர் மறுபக்கம் முழுதுஞ் சாய்தலும் சிறிய நாட்டைக் காத்தில.

சட்டமாவது காக்குமோ? கடற் சட்டத்தை வகுத்த ஐக்கிய நாடுகளின் மூன்றாம் மகாநாட்டுக்கு, 1973 ஆம் ஆண்டு முதல் 1980 ஆம் ஆண்டிலே மறையும்வரை தலைமை தாங்கியவர் நம் நாட்டவராகிய ஷேர்லி அமரசிங்க அவர்கள் என்பதை இளைய மாணவர் அறிந்திருத்தல் நன்று. 1982 ஆம் ஆண்டு நிறைவெய்திய அச்சட்டம், கரையோர நாட்டுக்கு 200 கடல் மைல் வரை பொருளாதார உரிமை அளிக்கின்றது. மக்கள் வாழ்க்கைக்கு உதவாத பாறைக்கு அவ்வுரிமை இல்லை என்கின்றது. அதன் வழியே பிலிப்பைன் தொடுத்த வழக்கில், 2016 யூலை 12 ஆம் நாள் நடுவர் மன்றம், ஒன்பது கீற்றுக் கோட்டுக்குட்பட்ட கடல்வளங்களின் மீது சீனம் கோரும் வரலாற்று உரிமைக்குச் சட்ட ஆதாரம் இல்லையெனத் தீர்த்தது. சீனம் அவ்வழக்கிற் பங்குபற்றவுமில்லை, தீர்ப்பை ஏற்கவுமில்லை. அத்தீர்ப்பைப் போற்றும் அமெரிக்காவோ அச்சட்டத்தில் இன்னும் சேரவில்லை. தீர்ப்பை நிறைவேற்றும் சேவகர் கடலில் இல்லை. ஆயினும், அத்தீர்ப்பு இருப்பதனாலேயே பிலிப்பைன் இன்று இரந்து நில்லாமல் உரிமை கூறி நிற்கின்றது.

இருமுறை கைவிடப்பட்ட வியட்நாம் கற்ற பாடம் கருதத்தக்கது. எவரோடும் இராணுவக் கூட்டுச் சேர்தல் இல்லை, ஒருவரோடு நின்று மற்றொருவரை எதிர்த்தல் இல்லை, அந்நியர்க்குத் தளம் இல்லை, வலிமையைக் காட்டி அச்சுறுத்தல் இல்லை என்னும் நான்கையும் அது தன் பாதுகாப்புக் கொள்கையாக 2019 ஆம் ஆண்டில் வெளியிட்டது. 2023 ஆம் ஆண்டு செப்ரெம்பரில் அமெரிக்க அதிபரையும், திசெம்பரிற் சீன அதிபரையும் ஹனோயில் வரவேற்றது. தான் வைத்திருக்கும் திட்டுகளையும் அது கைவிட்டிலது.

வள்ளுவப் பெருந்தகை வலியறிதலைப் பேசுமிடத்துத் துணையின் வலியையும் எண்ணச் சொல்கின்றார். ஆயின், அதனை இறுதியிலே வைத்தார். துணைவனுக்கும் தன் கணக்கு உண்டு. அக்கணக்கு மாறும் நாளில் அவன் கப்பல் துறைமுகத்திலே நிற்கும், நமக்காகப் புறப்படாது. துறைமுகமுடைய சிறிய நாடுகள் யாவும், நமது நாடு உட்பட, இதனை மறவாதிருத்தல் வேண்டும். நாளை அரசாங்க அலுவலகங்களிலும் தூதரகங்களிலும் அமரவிருக்கும் நம் கல்லூரி இளைஞர், பிறர் நாட்டவர் உயிர் கொடுத்துப் பெற்ற இவ்வறிவைப் படிப்பினாலேயே பெற்றுக்கொள்வாராக.