ஒரு பெரிய எண்ணின் கதை

15 ஐ 3 × 5 என எழுதலாம். இவ்வாறு சிறிய காரணிகளாகப் பிரியும் எண் சேர்த்தி எண். 1 ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடுவது முதன்மை எண். எண் பெரிதாகும்போது அது எவ்வகை எனக் கூறுவது எளிதன்று.

2 இன் 67 ஆம் வலுவிலிருந்து 1 ஐக் கழித்தால் 21 இலக்கங்கள் கொண்ட 147573952589676412927 கிடைக்கும். பிரான்சியத் துறவி மேர்சென் 1644 இல் இதை முதன்மை எண் என்றார். 232 ஆண்டுகளின் பின், 1876 இல், அது சேர்த்தி எண்ணே என லூக்காஸ் நிறுவினார். ஆயினும் காரணிகள் எவை என்பதை அவரது முறை காட்டவில்லை.

1903 இல் நியூயோர்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் பேராசிரியர் கோல் விடை தந்தார். எதுவும் பேசாமல் கரும்பலகையில்

193707721 × 761838257287

எனப் பெருக்கிக் காட்டினார் என்பர். விடை அதே 21 இலக்க எண்! மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் இதற்குச் செலவாயினவாம்.

தேடுவது கடினம், சரிபார்ப்பது எளிது. இணையத்தில் இரகசியம் காக்கும் ஆர்.எஸ்.ஏ. முறையும் இவ்வேறுபாட்டையே நம்பியிருக்கிறது.

தோழியரே, இரு காரணிகளின் இலக்கங்களையும் ஓரிலக்கம் வரும்வரை தனித்தனியே கூட்டுங்கள். இரண்டிலும் 1 வரும். பெரிய எண்ணிலும் 1 தான். ஆனால் இது பொருத்தம் மட்டுமே, நிறுவல் அன்று. நிறுவ வேண்டுமா? பென்சிலை எடுத்துப் பெருக்குங்கள். மேர்சென் சொன்னாலும் கோல் சொன்னாலும், கணிதத்தில் சொன்னவர் பெயர் சான்றாகாது.